ஃபிரிட்ஜ் இல்லாத வேனில் வீகன் சமையல்

வேனிலேயே குடியிருக்கிறோம் என்றால் ஜனங்கள் முதலில் கேட்பது குளியலும் கழிப்பறையும். அடுத்து சாப்பாடு. நாங்கள் வீகன், கறி மீன் மட்டுமல்ல, பால், தயிர், நெய் எதுவும் தொடமாட்டோம் என்று சொன்னால், "வண்டியில இது வேறயா?" என்று பரிதாபமாகப் பார்க்கிறார்கள். உண்மையில் வண்டிக்கு மிகவும் தோதான சாப்பாடு இதுதான். வெயிலில் முதலில் கெடுவது பாலும் பனீரும் கறியும் மீனும். அவற்றைக் காப்பாற்றத்தான் ஃபிரிட்ஜ் வேண்டும். ஃபிரிட்ஜுக்காகப் பெரிய பாட்டரி, பாட்டரிக்காகக் கூரை முழுக்க சோலார் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பருப்பு, பயறு, அரிசி, புளி, வத்தல், எண்ணெய் இவற்றுக்குக் குளிர் எதற்கு?

நானும் என் வீட்டுக்காரரும் கோவில்பட்டிப் பக்கம். டெம்போ டிராவலரை வீடாக மாற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறோம். ஃபிரிட்ஜ் வைக்கவில்லை. அதில் நான் சமைக்கிற முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பால், தயிர் சேர்க்கும் சைவக்காரர்களுக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

அடுப்பு

வண்டிக்கு கேஸ்தான். 12 வோல்ட், 100 ஆம்பியர் பாட்டரியில் மொத்தமாக இருப்பது சுமார் 1200 வாட்-அவர். இண்டக்‌ஷன் அடுப்பை 1500 வாட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினால் அது முழுதும் காலி, அதற்குமேலும் கேட்கும். ஆனால் மிக்ஸி அப்படியில்லை. 500 வாட் மிக்ஸி இரண்டு நிமிடம் ஓடினால் 17 வாட்-அவர்தான் போகும். அதனால் இன்வெர்ட்டரை மிக்ஸிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி கிளம்பும்போது ஒரு இழுப்பு இழுக்கும், ஆயிரம் வாட் இன்வெர்ட்டராவது வேண்டும்.

5 கிலோ சிலிண்டர் பல பெட்ரோல் பங்குகளிலேயே கிடைக்கிறது. முகவரிச் சான்று கேட்பதில்லை, அடையாள அட்டை போதும். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு இதைவிட வசதி இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். மேலே ஜன்னல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை கட்டாயம் வேண்டும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது உயிரோடு விளையாடுவது.

தாளிப்பதை நான் வெளியில்தான் வைத்துக்கொள்கிறேன். மிளகாய் நெடி படுக்கையில் ஏறிவிட்டால் நாலு நாள் போகாது. பின்கதவைத் திறந்து, அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் தகரம் வைத்தால் காற்று அடிக்காது. ஆனால் அந்தத் தகரம் சிலிண்டரையும் சேர்த்து அடைக்கக் கூடாது, சூடு அதன்மேல் திரும்பும்.

ஒரே குக்கரில் முழுச் சாப்பாடு

இருவருக்கு 5 லிட்டர் குக்கர் ஒன்று போதும். அடியில் அரை டம்ளர் துவரம்பருப்பு, மஞ்சள்தூள், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி, ஒன்றரை டம்ளர் தண்ணீர். அதன்மேல் ஒரு சின்ன ஸ்டாண்ட். ஸ்டாண்டின்மேல் பாத்திரத்தில் ஒரு டம்ளர் அரிசி, இரண்டு டம்ளர் தண்ணீர். அரிசிப் பாத்திரத்தின்மேல் மூடி போட்ட கிண்ணத்தில் பீன்ஸோ கேரட்டோ, நறுக்கி உப்புத் தூவி. பருப்பையும் அரிசியையும் அரை மணி நேரம் முன்னால் ஊறவைத்திருந்தால் மூன்று விசிலில் அணைத்துவிடலாம். மீதி வேலையை உள்ளே இருக்கும் ஆவி பார்த்துக்கொள்ளும். பழைய கம்பளியைக் குக்கரின்மேல் போர்த்தி அரை மணி விட்டால் பருப்பு மசிந்து கிடக்கும். திறந்து, பருப்பில் ஒரு கைப்பிடி கீரை அல்லது புளித்தண்ணீர் விட்டு ஒரு கொதி, கடுகு தாளிப்பு. காய்க்குத் தேங்காய்த் துருவல். அவ்வளவுதான். கழுவ வேண்டிய பாத்திரமும் குறைவு.

கழுவுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேனில் அரிசியைவிடத் தண்ணீர்தான் சீக்கிரம் தீரும். அரிசி கழுவிய கழுநீரையும் பயறு ஊறிய தண்ணீரையும் கொட்டாதீர்கள். முதல் அலசலுக்கு அது போதும். தட்டை வாழையிலைத் துண்டாலோ பழைய துணியாலோ துடைத்துவிட்டுக் கழுவினால் தண்ணீர் பாதிதான் செலவாகும். நெய்யும் வெண்ணெயும் இல்லாத பாத்திரம் பிசுக்கே இல்லாமல் போய்விடும் என்பது வண்டியில் வாழ்ந்தால்தான் தெரியும்.

எந்தக் காய், எவ்வளவு நாள்

உடைக்காத முழுப் பரங்கிக்காய், சேனை, சேம்பு, சின்ன வெங்காயம், முழுத் தேங்காய் இவை வாரக்கணக்கில் தாங்கும். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், சௌசௌ ஒரு வாரத்துக்குக் கவலை இல்லை. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். கீரை, வெண்டை, காளான் எல்லாம் வாங்கிய அன்றே. தேங்காயை உடைத்தால் அன்றைக்கே தீர்க்க வேண்டும். தக்காளி மலிவாகக் கிடைக்கும் ஊரில் மூன்று கிலோ வாங்கி, நல்லெண்ணெய் நிற்கிற மாதிரி தொக்கு கிளறி, ஈரமில்லாத பாட்டிலில் அடைத்துவிடுவேன். ஈரக்கரண்டி போடாதவரை சீக்கிரம் கெடாது. கறிவேப்பிலை வடக்கே போகப் போக அருமையாகிவிடும். கிளம்பும்போதே உருவி, நிழலில் உலர்த்தி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியவற்றில் புளிக்காய்ச்சலுக்குத்தான் முதலிடம். என் அத்தை கிளறித் தரும் புளிக்காய்ச்சல் மாதக்கணக்கில் வெளியில் இருந்தும் கெட்டதில்லை. அப்புறம் பருப்புப்பொடி, இட்லிப்பொடி, சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல். பசிக்குக் கடலைமிட்டாய். எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேர்க்கடலையும் வெல்லமும்தான் என்பதால் மனசாரத் தின்னலாம்.

போகிற ஊரிலும் உலர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். அமிர்தசரஸில் உளுந்து வடி, வங்காளத்தில் போரி (இரண்டும் பருப்பை அரைத்துக் காயவைத்த வடகம் மாதிரி), ராஜஸ்தானில் கேர் சாங்ரி என்கிற காய்ந்த பாலைவனக் காய்கள் எல்லாம் கனமே இல்லாத சரக்கு, எத்தனை நாளானாலும் இருக்கும். பீகாரில் சத்து மாவு. வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த மாவுதான். தண்ணீரில் கரைத்து உப்பு, எலுமிச்சை, வெங்காயம் போட்டுக் குடித்தால் அடுப்பே பற்றவைக்காமல் காலை முடிந்துவிடும். உத்தரகண்டில் கஹத் என்று விற்பது நம் கொள்ளுதான். கொள்ளு ரசம் வைத்துக் குடித்தேன், அந்தக் குளிருக்கு அப்படி இருந்தது.

வண்டி ஓடும்போது நடக்கும் சமையல்

நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் பயறு ஊற வேண்டும், முளைக்க வேண்டும். இதைப் பழக்கப்படுத்திக்கொண்டால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. ராத்திரி படுக்கும்முன் பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ ஊறப்போடுங்கள். காலையில் வடித்து ஈரத்துணியில் மூட்டை கட்டி, சீட்டுக்குப் பின்னால் ஒரு கொக்கியில் தொங்கவிடுங்கள். சமவெளியில் சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போது பச்சைப்பயறு வெள்ளையாக வால் விட்டிருக்கும். மே மாத வெயிலில் மத்தியானம் ஒருமுறை துணியை நனைக்காவிட்டால் நாறிவிடும். பச்சையாகத் தின்பதைவிட ஆவியில் ஒரு கொதி காட்டிச் சாப்பிடுவதே நல்லது. எந்த ஊர்த் தண்ணீரில் ஊறியதென்று நிச்சயமில்லை அல்லவா?

இட்லி மாவை நான் வண்டியில் வைப்பதில்லை. பொங்கிய மாவு குலுங்கிக் குலுங்கி அமுங்கிவிடும், வழிந்தால் துடைக்கத் தண்ணீர் வேண்டும். அதற்குப் பதில் அடை. அரிசி, கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, கொஞ்சம் உளுந்து, மிளகாய் வற்றல் ஊறவைத்து, மிக்ஸியில் கொரகொரப்பாக ஓட்டி உடனே வார்த்துவிடலாம். புளிக்க வேண்டியதில்லை, மிச்சமும் இல்லை.

சரி, தயிர்சாதம்? தமிழர்கள் வீகனாக மாறத் தயங்குவதற்கு இந்த ஒரு சாதம்தான் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். வேர்க்கடலையில் நல்ல தயிர் வரும். ஒரு டம்ளர் பச்சை வேர்க்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோலை நீக்குங்கள். மூன்று டம்ளர் தண்ணீர் சேர்த்து நைசாக அரைத்து, துணியில் பிழியுங்கள். அந்தப் பாலை அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். விரல் வைத்தால் இதமாகச் சுடும் பதத்துக்கு ஆறியதும், பச்சை மிளகாய்க் காம்பு எட்டுப் பத்து கழுவி உள்ளே போட்டு மூடிவையுங்கள். காம்பில் இருக்கும் நுண்ணுயிர்களே உறையவைத்துவிடும். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஆடை மாதிரி மேலே கட்டி நிற்கும். முதல் தயிரில் கடலை வாசம் தூக்கலாக இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றுங்கள், இரண்டாவது மூன்றாவது முறையில் புளிப்பு சரியாக வந்துவிடும். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் மோர்மிளகாய் தேடும் வாய் அடங்கிவிடும். பிழிந்த சக்கையை அடைமாவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் பாக்கெட் சோயா பால் வாங்குவதாக இருந்தால் 200 மில்லி பாக்கெட்டாக வாங்குங்கள். லிட்டர் பாக்கெட்டைத் திறந்துவிட்டால் ஃபிரிட்ஜ் இல்லாமல் வைக்க முடியாது.

சத்து

புரதத்துக்குப் பயமே வேண்டாம். மீல்மேக்கர் 100 கிராமில் 50 கிராமுக்கும் மேல் புரதம், எடையும் இல்லை, கெடுவதும் இல்லை. கேழ்வரகும் எள்ளும் கால்சியத்துக்கு. பருப்பு, கீரை சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும்.

பி12 விஷயத்தில் மட்டும் சமாதானமே கிடையாது. தாவர உணவில் அது நம்பும்படியாக இல்லை. சுருள்பாசி, புளித்த மாவு, பழைய சோறு என்று யார் என்ன சொன்னாலும் மாத்திரையை விடாதீர்கள். தினமும் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு ஒருமுறை 2000 மைக்ரோகிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. குறைந்தால் நரம்பு பாதிக்கும், அது உடனே வெளியில் தெரியாது. பயணம் கிளம்பும்முன் ரத்தத்தில் அளவு பார்த்து, மருத்துவரிடம் கேட்டு, போகும் மாதங்களுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தாபாவில் கேட்கும் விதம்

தெற்கே கவலை குறைவு. கேரளத்தில் புட்டும் கடலைக்கறியும், நம் ஊரில் "நெய் வேண்டாம், எண்ணெய் போதும்" என்று சொன்ன தோசையும் சாம்பாரும் போதும். பொங்கலைத் தொடாதீர்கள், நெய் இல்லாமல் அது இல்லை. வடக்கே போனால் சைவம் எல்லா இடத்திலும் கிடைக்கும், வீகன் கேட்டால்தான் கிடைக்கும். "வீகன்" என்று சொல்லிப் பயனில்லை, "ஜெயின்" என்று சொன்னால் வெங்காயம் போய்விடும், பால் வந்துவிடும். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள்: "கீ, மக்கன், தஹி, மலாய், பனீர், குச் நஹி. சிர்ஃப் தேல் மே." நெய், வெண்ணெய், தயிர், பாலாடை, பனீர் எதுவும் வேண்டாம், எண்ணெயில் மட்டும் என்று அர்த்தம். பாலுக்கு அலர்ஜி என்று சிலர் சொல்லச் சொல்வார்கள், எனக்கு அந்தப் பொய்யில் மனசில்லை. சாப்பிடுவதில்லை என்று கைகூப்பிச் சொன்னாலே பெரும்பாலும் அடுப்படிக்குள் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள்.

நான் ரொட்டி, பட்டூரா இரண்டின் மாவிலும் தயிர் இருக்கும், வேண்டாம். தந்தூரி ரொட்டி அல்லது தவா ரொட்டி, வெண்ணெய் தடவாமல். ஆலு கோபி, சனா மசாலா, ராஜ்மா சாவல், பைங்கன் பர்த்தா கேளுங்கள், தால் என்றால் எண்ணெயில் தாளிக்கச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தில் போஹா என்கிற அவல் உப்புமா, பாக்ரி என்கிற சோள ரொட்டியும் பிட்லா என்கிற கடலைமாவுக் குழம்பும். லடாக்கில் காய் போட்ட ஸ்க்யூ, அது கோதுமை மாவுத் துண்டுகள் வெந்த குழம்பு. பாக்கெட்டுகளில் பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள், அது சைவம் என்பதற்குத்தான், பால் பொருள் உள்ளதற்கும் அதே புள்ளி. பின்பக்கம் திருப்பி, பால் திடப்பொருள் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

மலை ஏறினால்

300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். லடாக்கின் லே நகரம் சுமார் 3500 மீட்டர், அங்கே 88 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு மணிக்கணக்கில் கொதித்தும் வேகாது. ராஜ்மாவில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: அரைவேக்காட்டில் தின்றால் அதிலுள்ள நச்சு வயிற்றைப் புரட்டிவிடும். ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் மட்டுமே வேகவையுங்கள். இந்த ஒரு தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டாம். சமவெளியில் வைக்கும் விசிலோடு இன்னும் சில விசில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் நாட்களுக்கு மைசூர்ப்பருப்பும் பாசிப்பருப்பும் அவலும்தான் கெட்டிக்காரச் சரக்கு, கேஸ் மிச்சமாகும்.

குளிரில் சிலிண்டரில் கேஸ் இருந்தும் சுடர் சிறுத்துவிடும். தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் சிலிண்டரை நிற்கவைத்தால் சுடர் எழும்பும். நெருப்பில் காட்டவே கூடாது. மணாலியிலிருந்து ஏறும் முன்பே நிறைசிலிண்டர் ஒன்று மாற்றிக்கொள்ளுங்கள். காய்த்தோலையும் பாக்கெட்டையும் மேலே எங்கும் எறியாமல் மூடிபோட்ட வாளியில் சேர்த்துக் கீழே கொண்டுவந்துவிடுங்கள், அந்தக் குளிரில் எதுவும் சீக்கிரம் மக்காது.