கனிம வளத்தை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைச்சரிவில் ஒரு கை அகலத்துக்கு வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்பு ஓடுகிறது. அதன் நடுவே பழுப்பேறிய சின்னச் சின்னச் சதுரக் குழிகள். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமத்தின் படிகங்கள் கரைந்துபோன சுவடு அவை. சுத்தியல் வைத்திருப்பவர் எங்கே தட்டுவார்? அந்தக் குழிகள் நிறைந்த இடத்தில்தான். டன்னுக்கு 30 கிராம் தங்கம் என்று ஆய்வகம் எழுதித் தருகிறது. அந்த 30 அப்படியே அறிக்கையில் ஏறிவிடுகிறது. ஒரு வட்டாரத்தின் கனிம வளத்தை மதிப்பிடும் வேலையில் நான் மிகவும் அஞ்சுவது இந்த முதல் தட்டலைத்தான்.

அந்தக் கல் பொய் சொல்லவில்லை. தன்னைப் பற்றி மட்டுமே சொல்கிறது. நரம்பின் அகலம் 10 சென்டிமீட்டர். ஆள் நின்று வேலை செய்யச் சுரங்கத்தில் ஒரு மீட்டர் அகலமாவது தோண்ட வேண்டும். இரு பக்கமும் வெறும் பாறையானால், வெளியே வரும் கல்லில் டன்னுக்கு 3 கிராம்தான் இருக்கும். எனவே நரம்புக்குக் குறுக்கே, ஒரே அகலத்தில், ஒரே ஆழத்தில் வாய்க்கால் போல வெட்டி, நரம்பைத் தனியாகவும் பக்கப் பாறையைத் தனியாகவும் மாதிரி எடுக்க வேண்டும். பொறுக்கி எடுத்த கல், இங்கே தங்கம் உண்டு என்பதற்குச் சான்று. எவ்வளவு உண்டு என்பதற்கு அது சான்றே அல்ல.

தங்கத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆய்வகம் பெரும்பாலும் 30 அல்லது 50 கிராம் பொடியைத்தான் உருக்கிப் பார்க்கிறது. அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரே ஒரு தங்கத் துகளின் எடை சுமார் 1.26 மில்லிகிராம். அது அந்த 50 கிராமுக்குள் விழுந்தால் டன்னுக்கு 25 கிராம் என்று முடிவு வரும். விழாவிட்டால் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை என்று வரும். பாறை ஒன்றுதான், முடிவு இரண்டு. இப்படிப் பெரிய துகள்களாகத் தங்கம் இருக்கும் இடத்தில் பெரிய மாதிரி எடுங்கள். ஒரே மாதிரியை மறுமுறையும் சோதியுங்கள். ஆய்வகத்தைச் சரிபார்க்க, தங்கமே இல்லாத கல்லையும், தங்கத்தின் அளவு தெரிந்த பொடியையும் இடையிடையே கலந்து அனுப்புங்கள்.

இந்தச் சோதனைகளை வீண் செலவு என்று நினைப்பவர்கள் இந்தோனேசியாவின் பூசாங்கை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே 7 கோடி அவுன்ஸுக்கும் மேல் தங்கம் இருப்பதாகப் பிரே-எக்ஸ் நிறுவனம் உலகை நம்ப வைத்தது. துளையிட்டு எடுத்த பாறைத் தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பாதுகாத்து வைப்பதுதான் வழக்கம். அங்கே ஏறக்குறைய முழுவதையும் பொடித்துவிட்டார்கள். 1997இல் வேறொரு நிறுவனம் பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே துளையிட்டுப் பார்த்தபோது பொருட்படுத்தத்தக்க தங்கம் எதுவும் வரவில்லை. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தைக் கலந்திருந்தார்கள். மறுபாதி கையிருப்பில் இருந்திருந்தால் அந்தக் கேள்வி ஆண்டுகளுக்கு முன்பே எழுந்திருக்கும்.

கணக்கில் வரும் பிழைகள் சிறியவை போலத் தோன்றும். தாது அடுக்கைத் துளை 30 டிகிரி கோணத்தில் சந்தித்தால், துளையில் அளந்த 10 மீட்டருக்கு உண்மையான தடிமன் 5 மீட்டர்தான். துளைகளும் பொந்துகளும் நிறைந்த பாறைக்குக் கெட்டிப் பாறையின் அடர்த்தியைப் போட்டால், மொத்த டன் கணக்கும் ஊதிப்போகும்.

மேற்பரப்பை வைத்து ஆழத்தை எடைபோடுவதும் ஆபத்து. செம்புத் தாது உள்ள இடங்களில் மழைநீர் மேலே இருக்கும் செம்பைக் கரைத்துக் கொண்டுபோய் நிலத்தடி நீர்மட்டத்தின் அருகே சேர்த்துவிடும். அதனால் மேலே துரு மட்டும் மிஞ்சிய பாறையைப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பிவிடலாம். அதற்கு நேர்மாறாக, கீழே செறிந்து கிடக்கும் அடுக்கைத் தொட்டவுடன், அதே தரம் பாதாளம் வரை போகும் என்று எழுதிவிடலாம். நான் பார்த்தவரை இரண்டாவது தவறுதான் அதிகம், ஏனெனில் அது எல்லோருக்கும் மகிழ்ச்சி தருகிறது.

கருவிகளும் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும். மின்கடத்தும் பாறையைத் தேடினால் வெறும் கரியான கிராஃபைட்டும் அகப்படும், உலோகமும் கந்தகமும் சேர்ந்த சல்பைடும் அகப்படும். எது எதுவென்று வரைபடம் சொல்லாது. ஓடை மணலில் துத்தநாகம் ஏறியிருந்தால், மேலே துத்தநாகம் பூசிய தகரக் கூரை இருக்கிறதா என்று நடந்துபோய்ப் பாருங்கள். கருவியால் கண்டறிய முடியாத அளவு என்று ஆய்வகம் குறிப்பதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

சொற்களில் நடக்கும் தவறு இவை எல்லாவற்றையும் விடக் கேடு விளைவிப்பது. வளம் வேறு, இருப்பு வேறு. பாறையில் இருப்பதாகவும், ஒரு நாள் எடுக்க வாய்ப்புள்ளதாகவும் நியாயமாகக் கருதப்படுவது வளம். அதில் இன்றைய விலையில், இன்றைய தொழில்நுட்பத்தில், நீர், மின்சாரம், சாலை, சட்டம், அங்கே வாழும் மக்கள் எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும் லாபத்தோடு எடுக்கக்கூடியதுதான் இருப்பு. வளத்துக்குள்ளும், சான்று கூடக் கூட, அனுமானித்தது, சுட்டியது, அளந்தது என்று படிகள் உண்டு. கனிம வளத்தை எப்படி அறிவிக்க வேண்டும் என்று சொல்லும் ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதிகள் 1989 முதலே இந்தப் பிரிவுகளை வற்புறுத்துகின்றன. அனுமானித்த வளத்தை நேரடியாக இருப்பாக மாற்ற அவை இடம் தருவதில்லை. இருந்தும் தலைப்புச் செய்தியில் அனுமானித்த வளம் புதையலாகிவிடுகிறது. டன் கணக்கு தாதுவுக்கா, அதிலுள்ள உலோகத்துக்கா என்றுகூடப் பலர் கேட்பதில்லை. ஒரு சதவீதத் தரமுள்ள செம்புத் தாது என்றால் இந்த இரண்டுக்கும் இடையே நூறு மடங்கு வேறுபாடு.

இன்னும் கண்டுபிடிக்கப்படாத கனிமத்தைப் பற்றிப் பேசும்போது ஒற்றை எண் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இத்தகைய மதிப்பீடுகளில் 90, 50, 10 சதவீத வாய்ப்புகளில் குறைந்தது எத்தனை படிவுகள் இருக்கலாம் என்று தனித்தனியே சொல்கிறது. படிப்பவருக்கு அந்த விரிவு தெரிந்தாக வேண்டும்.

கடைசியாக, வரைபடத்தில் இருக்கும் வெற்றிடங்கள். தென் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேமில் தாதுவின் மேல் சுமார் 350 மீட்டர் தடிமனுக்கு வெறும் பாறை மூடியிருக்கிறது. தரையில் நின்று பார்த்தால் அடையாளமே இல்லை. காந்த, ஈர்ப்பு அளவீடுகளை நம்பி 1975இல் துளையிட்டதால்தான் உலகின் மிகப் பெரிய செம்பு, யுரேனியப் படிவுகளுள் ஒன்று தெரியவந்தது. தேடாத இடத்தையும், தேடியும் கிடைக்காத இடத்தையும் ஒரே வண்ணத்தில் காட்டும் வரைபடம் இப்படிப்பட்ட இடத்தை என்றென்றைக்கும் மறைத்துவிடும். இரண்டுக்கும் வெவ்வேறு வண்ணம் கொடுங்கள். ஒவ்வொரு துளையின் பக்கத்திலும் அது எத்தனை மீட்டர் வரை போனது என்பதை எழுதுங்கள்.