எக்ஸ்சேஞ்ச் சர்வரில் புதிய டாட்நெட் போடலாமா, வேண்டாமா?

விண்டோஸ் அப்டேட் பட்டியலில் டாட்நெட் ஃபிரேம்வொர்க்கின் (பல விண்டோஸ் மென்பொருள்கள் ஓடத் தேவையான அடித்தளம்) புதிய பதிப்பு வந்து நிற்கிறது. மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் ஓடுகிற சர்வர் என்றால் இன்ஸ்டால் பொத்தானை அழுத்துமுன் கொஞ்சம் பொறுங்கள்.

டாட்நெட் 4 வரிசையில் ஒரு பதிப்பு வந்தால் முந்தையது போய்விடும். 4.8 போட்டால் 4.7.2 இருந்த இடத்தில்தான் அது உட்காரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது. எக்ஸ்சேஞ்சோ பெரும்பாலும் டாட்நெட்டை நம்பி ஓடுகிற மென்பொருள். அதில் ஒரு ஃபைலைக்கூடத் தொடாமல், அது நிற்கிற தரையை மாற்றிவிடுகிறீர்கள்.

4.6.1 கதை இதற்கு நல்ல உதாரணம். 2015 நவம்பரில் வெளியானது. 2016 தொடக்கத்தில் விண்டோஸ் அப்டேட் அதைப் பரிந்துரைத்தது. எக்ஸ்சேஞ்ச் குழுவோ போடாதீர்கள் என்றது. இரண்டு பேரும் மைக்ரோசாஃப்ட்தான்! ஆதரவு 2016 ஜூனில்தான் வந்தது: எக்ஸ்சேஞ்ச் 2013-க்கு சியு13, எக்ஸ்சேஞ்ச் 2016-க்கு சியு2. (சியு என்பது கியூமுலேட்டிவ் அப்டேட், அதாவது எக்ஸ்சேஞ்சுக்கு வரும் தொகுப்புத் திருத்தம்.) அப்போதும் விண்டோஸுக்கு ஒரு ஹாட்ஃபிக்ஸைச் (குறிப்பிட்ட கோளாறுக்கான தனித் திருத்தம்) சேர்த்துப் போட வேண்டியிருந்தது.

படி 1: இப்போது இருப்பதைப் பாருங்கள்

எக்ஸ்சேஞ்ச் பவர்ஷெல்லில் கெட்-எக்ஸ்சேஞ்ச்சர்வர் கட்டளை பில்டு எண்ணைக் காட்டும். 15.1.1779 என்றால் எக்ஸ்சேஞ்ச் 2016 சியு13. டாட்நெட்டுக்கு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) நெட் ஃபிரேம்வொர்க் செட்டப், என்டிபி, வி4, ஃபுல் என்று உள்ளே போய் 'ரிலீஸ்' மதிப்பைப் பாருங்கள். 461808 முதல் 4.7.2, 528040 முதல் 4.8, 533320 முதல் 4.8.1.

படி 2: அட்டவணையோடு ஒப்பிடுங்கள்

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சப்போர்ட்டபிலிட்டி மேட்ரிக்ஸில், ஒவ்வொரு சியுவுக்கும் எந்த டாட்நெட் சரி என்று இருக்கும். முடிவை அந்த அட்டவணையிடம் விடுங்கள். "எனக்கு ஓடுகிறதே" என்று யாராவது சொன்னால் அவருடைய சர்வரில் ஓடுகிறது, அவ்வளவுதான். நாளைக்கு ஒரு கோளாறு என்று சப்போர்ட்டைக் கூப்பிட்டால், முதலில் ஆதரவு உள்ள பதிப்புக்கு வரச் சொல்வார்கள்.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. 4.8-க்கு மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் வேறு, 4.8-இலிருந்து 4.8.1-க்குப் போவது வேறு. முதலாவதைத் தள்ளிப்போடாதீர்கள். பயத்தில் டாட்நெட் என்று பெயர் இருக்கும் எல்லாவற்றையும் மறைத்துவைப்பவர்கள் வேறொரு ஆபத்தை வாங்கிக்கொள்கிறார்கள்.

படி 3: அட்டவணையில் இல்லையென்றால் தடுங்கள்

டபிள்யூசஸ் (நிறுவனத்துக்குள் அப்டேட்களை அனுமதித்து விநியோகிக்கும் சர்வர்) வைத்திருந்தால் அந்தப் பதிப்புக்கு அனுமதி கொடுக்காதீர்கள். நேரடியாக விண்டோஸ் அப்டேட் என்றால், 4.8-ஐத் தடுக்க என்டிபிக்குக் கீழே டபிள்யூயூ என்ற கீயில் 'பிளாக்நெட்ஃபிரேம்வொர்க்48' என்ற மதிப்பை 1 ஆக வையுங்கள். மற்ற பதிப்புகளுக்கும் இதே போலத் தனி மதிப்புகள் உண்டு. ஆனால் யாராவது இன்ஸ்டாலரை இறக்கிக் கையால் போட்டால் இது தடுக்காது.

படி 4: ஏற்றலாம் என்றால் வரிசை முக்கியம்

பழைய, புதிய டாட்நெட் இரண்டையும் ஏற்கும் சியு ஒன்றைப் பாலமாகப் பிடியுங்கள். எக்ஸ்சேஞ்ச் 2016-இல் சியு13, சியு14 இரண்டும் 4.7.2-ஐயும் 4.8-ஐயும் ஏற்றன, சியு15 முதல் 4.8 கட்டாயம். ஆக முதலில் சியு13 அல்லது 14, பிறகு 4.8, அப்புறம் மேலே. (எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்குமே வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, இன்னும் அங்கே இருப்பவர்கள் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்குப் போகும் வழியையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.)

பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டேக் (மெயில்பாக்ஸ் தரவுத்தளங்களின் பிரதிகளை வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களின் குழு) இருந்தால் ஒவ்வொரு சர்வராக மெயின்டனன்ஸ் மோடில், அதாவது அதன் வேலையை மற்ற சர்வர்களுக்கு மாற்றிவிட்டு, வைத்துச் செய்யுங்கள். எக்ஸ்சேஞ்ச் சேவைகளை நிறுத்தி, டாட்நெட்டைப் போட்டு, ரீபூட்.

ரீபூட் ஆனதும் சிபியு எகிறலாம். டாஸ்க் மேனேஜரில் எம்எஸ்கார்எஸ்விடபிள்யூ என்ற புராசஸ் மேலே நிற்கும். டாட்நெட் தன் லைப்ரரிகளை மறுபடி கம்பைல் செய்கிறது, பதற்றப்பட்டு இன்னொரு ரீபூட் கொடுக்காதீர்கள். அவசரம் என்றால் 'என்ஜென் அப்டேட்' கட்டளையை ஓட்டினால் சீக்கிரம் முடியும். அது அடங்கிய பிறகே சர்வரை மெயின்டனன்ஸ் மோடிலிருந்து வெளியே எடுங்கள்.