அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்: தஞ்சாவூரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூரில் குடியிருப்பதால், ஆண்டுக்கு ஏழெட்டு முறையாவது யாரையாவது பெரிய கோயிலுக்கு அழைத்துப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்துவிடும். அத்தை குடும்பம் வரும், கல்லூரித் தோழர்கள் வருவார்கள், அவர்களின் பிள்ளைகள் வருவார்கள். ஏறக்குறைய எல்லோருடைய திட்டமும் ஒன்றுபோலவே இருக்கும். விடியலில் கும்பகோணம் பக்கத்துக் கோயில்கள், பதினொன்றரைக்குத் தஞ்சாவூர், ஒரு மணிக்குச் சாப்பாடு, பொழுது சாய்வதற்குள் திருச்சி. சோழர், நாயக்கர், மராட்டியர் என்று மூன்று மரபினர் தலைநகராக வைத்து ஆண்ட ஊருக்கு ஒதுக்குவது ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனத்துவிடும்.

முதல் தவறு அந்தப் பதினொன்றரை மணிதான். பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிடுவார்கள்; மீண்டும் திறக்க நான்கு மணியாகும். அதைவிடப் பெரிய தொல்லை தரை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அகன்ற முற்றத்தில் சித்திரை வெயிலில் நடந்தவர்களுக்குத் தெரியும். கால் சுடும்போது யாருக்கும் சிற்பம் கண்ணில் படாது. அடுத்த நிழல் எங்கே என்றுதான் தேடத் தோன்றும். காலை ஆறு மணிக்கு வாருங்கள், இல்லையேல் நான்கு மணிக்கு மேல் வந்து இருட்டும்வரை இருங்கள். மாலை வெயிலில் அந்தக் கல் தேன் நிறத்துக்கு மாறும். பிரதோஷத்தன்று நந்திக்கு நடக்கும் அபிஷேகத்தைக் காணப் பெருங்கூட்டம் வரும். வழிபாட்டைப் பார்க்க விரும்பினால் அன்று வாருங்கள். சிற்பம் பார்க்க வேண்டுமென்றால் வேறு நாள் நல்லது. வெளியூர்ப் பேருந்துகள் பல புதிய பஸ் நிலையத்தில் நின்றுவிடும். அங்கிருந்து கோயிலுக்கு நடந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம், சில கிலோமீட்டர் தொலைவு இருக்கிறது.

நிழல் விழாத கோபுரம்

கோயிலுக்குள் நுழைந்ததும் யாராவது ஒருவர் சொல்லத் தொடங்குவார்: இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல், அதைச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள், நந்தி வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்கள்.

நிழல் விழுகிறது. காலை ஏழு மணிக்கு விமானத்தின் மேற்குப் பக்கம் போய் நில்லுங்கள். அந்த நிழலிலேயே சுகமாக நிற்கலாம். அடி அகன்று மேலே குறுகிக்கொண்டே போகும் கட்டடம் என்பதால், உச்சிவேளையில் நிழல் அதன் மேலேயே அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். உச்சியில் உள்ள சிகரமும் ஒரே கல் அல்ல, பல கற்களை இணைத்து அமைத்தது என்று கோயிலை அருகிருந்து ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நந்தியோ சோழர் காலத்தைச் சேர்ந்ததே அல்ல. நாயக்கர் காலத்தில் வைத்தது. வளர்வதற்கு அதற்கு அவசியமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கருவறைக்கு மேலே எழுவது விமானம். வாயிலின் மேல் எழுவதுதான் கோபுரம். தமிழ்நாட்டின் பிற பெருங்கோயில்கள் பலவற்றில் வாயில் கோபுரம் ஓங்கி நிற்கும், உள்ளே விமானம் சிறியதாக இருக்கும். இங்கே விமானம் இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது, வாயில்கள் தாழ்ந்து நிற்கின்றன. 'கோபுரம்' என்று சொல்லிப் பழகிவிட்டால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

கட்டுக்கதை கேட்பதில் என்ன தீங்கு என்று அத்தை ஒருமுறை கேட்டார். தீங்கு இருக்கிறது. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண் நாடு இது. கருங்கல் மலை பக்கத்தில் எங்கும் கிடையாது. ஒவ்வொரு கல்லும் தொலைவிலிருந்து வண்டியேறி வந்தது. பதின்மூன்று நிலை கொண்ட அந்த விமானம் உள்ளே வெறும் கூடு. மேலே போகப் போகக் கற்களை உள்பக்கம் நீட்டி அடுக்கி, தம் எடையாலேயே தாம் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டு எழுப்பியவர் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன். அவர் பெயரைக் கல்வெட்டு காத்து வைத்திருக்கிறது. நிழல் கதையைக் கேட்டு வாய் பிளந்தவர்களில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு போகிறார்கள்?

குனிந்து பார்க்காமல் போவது

நான் பார்த்தவற்றில் மிகப் பெரிய தவறு இதுதான். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். கண்ணுக்கு நேரேயும் இடுப்பு உயரத்திலும் ஓடும் எழுத்துகளை ஒரு நிமிடம் நின்று பார்ப்பவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை.

இந்தக் கோயிலைக் கட்டியவர் யார் என்பதே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஊராருக்கு மறந்துபோயிருந்தது. கரிகாலன் கட்டினான் என்றும் காடுவெட்டிச் சோழன் கட்டினான் என்றும் பேசிக்கொண்டார்கள். 1880களில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் இந்தச் சுவர்களைப் படித்த பிறகுதான் ராஜராஜன் நமக்குத் திரும்பக் கிடைத்தான். அவன் கோயிலுக்கு இட்ட பெயர் ராஜராஜீஸ்வரம் என்பதும் கல்லிலிருந்தே தெரிந்தது. இன்று அவன் பிறந்த நட்சத்திரத்தில் சதய விழா எடுக்கிறோம் என்றால் அதற்கு அந்த வரிகளே காரணம்.

கொடைகளைக் கல்லில் வெட்டச் சொல்லி ராஜராஜன் இட்ட ஆணையைத் தமிழ் தெரிந்த ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும்: 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டுக என்கிறான். அக்கன் என்பது அக்காள் குந்தவை. தான் கொடுத்ததற்கு அடுத்தபடியாக, தன் மனைவியருக்கும் முன்னால், அக்காளைச் சொல்கிறான். இன்றைக்கும் ஆயிரம் ஆண்டு தாண்டி அந்தப் பாசம் சூடு ஆறாமல் இருக்கிறது.

ஆட்சியின் 25ஆம் ஆண்டு, 275ஆம் நாள், அதாவது 1010இல், விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்தான். அதன் எடை 3,083 பலம். அதன் மேல் போர்த்திய பொன் தகடு 2,926½ கழஞ்சு. பலம், கழஞ்சு இரண்டும் அக்கால எடையளவுகள். அந்த அரைக் கழஞ்சைக்கூட விடாமல் வெட்டியிருக்கிறார்கள். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள், அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு என்று இன்னொரு கணக்கு. கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் வீட்டு வரிசைப்படி வருகின்றன. எந்தச் சேரி, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), எத்தனையாம் வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நக்கன் சேரமங்கை என்ற பெண்ணின் முகவரி நம்மிடம் இருக்கிறது. அரசர்களின் பெயர்களே அழிந்துபோன நாட்டில் ஆடல் மகளிரின் பெயர்களும் தையற்காரர், நாவிதர், கணக்கர் ஆகியோருக்கு ஒதுக்கிய பங்குகளும் அப்படியே நிற்கின்றன.

படிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முழுவதும் முடியாது, ஆனால் பொறுமையாக நின்றால் சில எழுத்துகள் பிடிபடும். க, ட, ப, ம ஆகியவை பெரிதும் மாறவில்லை. புள்ளி போடமாட்டார்கள் என்பதையும், ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தோன்றும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் இதை ஒரு விளையாட்டாகவே செய்யலாம். என் தோழரின் எட்டு வயது மகள் அரை மணி நேரம் தேடி ஒரு 'ராஜராஜ'வைக் கண்டுபிடித்தபோது கத்திய கத்தலில் காவலரே திரும்பிப் பார்த்தார். சுவரைத் தொட்டுத் தடவ மட்டும் விடாதீர்கள்.

கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் கால ஓவியங்களும், மேல்தளத்தில் கரணங்கள் எனப்படும் ஆடல் நிலைகளைக் காட்டும் 81 சிற்பங்களும் இருக்கின்றன. 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி என்ற ஆய்வாளர், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழ ஓவியம் இருப்பதைக் கண்டறிந்து சொன்னார். அங்கே பொதுமக்களை விடுவதில்லை. அதற்காக வாயிலில் நின்று யாரிடமும் சண்டை போட வேண்டாம். மூச்சுக்காற்றின் ஈரமே அந்த வண்ணங்களுக்குப் பகை. வளாகத்திலேயே தொல்லியல் துறை வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில் அவற்றின் படங்களைப் பார்க்கலாம்.

எல்லாமே ராஜராஜன் கட்டியது என்று நினைப்பது

அம்மன் சன்னதி 13ஆம் நூற்றாண்டு. வடமேற்கில் உள்ள முருகன் சன்னதி நாயக்கர் காலம். கல்லில் இழைத்த நகை வேலைப்பாடு போன்ற அதன் நுணுக்கத்தைச் சோழர் சிற்பத்தின் திண்மையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே தனி இன்பம். மராட்டியர் தங்கள் குல வரலாற்றை 1803இல் மராத்தியில் இங்கே நீண்ட கல்வெட்டாகப் பொறித்து வைத்தார்கள். எவரும் முந்தையவரை இடித்துத் தள்ளவில்லை. ஒருவர் பக்கத்தில் ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதே குழப்பம் அரண்மனையிலும் வரும். 'ராஜராஜன் எந்த அறையில் தூங்கினான்' என்று ஒரு பெரியவர் உருக்கமாகக் கேட்டதைக் கேட்டிருக்கிறேன். இப்போது நிற்பது நாயக்கர் தொடங்கி மராட்டியர் விரித்துக் கட்டிய அரண்மனை. சோழர் மாளிகையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ராஜராஜன் மகன் ராஜேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினான். பின்னாளில் சுந்தர பாண்டியன் 'தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி'யதாக அவன் புகழைச் சொல்லும் கல்வெட்டுப் பாடலான மெய்க்கீர்த்தியே பெருமை பேசுகிறது.

'சோழர் அரண்மனை இல்லையா, அப்படியானால் வேண்டாம்' என்று திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் இழப்பதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. அங்கேயுள்ள கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. 1950களின் தொடக்கத்தில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. பாம்பையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு காலைக் குறுக்கே மாற்றி வைத்து, வலக்கையை ரிஷபத்தின் மேல் ஊன்றியிருக்கிறார். ரிஷபம் இப்போது இல்லை. இல்லாத காளையின் மேல் அந்தக் கை சாய்ந்திருக்கும் இயல்பைப் பார்த்தால் காளை அங்கே இருப்பதாகவே தோன்றும். பெரிய கோயிலுக்கு ஒரு மணி நேரம் கொடுக்கிறவர்கள் இந்த ஒரு திருமேனிக்குக் கால் மணி நேரம் கொடுக்கலாம். முன்னால் மட்டும் நிற்காமல் பின்புறமும் சென்று பாருங்கள். சடைமுடி புரளும் அழகு அங்கேதான் இருக்கிறது.

வளாகத்துக்குள் பகுதிக்குப் பகுதி தனி டிக்கெட் உண்டு, விடுமுறை நாளும் வேறுபடும். ஒன்றை வாங்கிவிட்டு எல்லாம் பார்த்தாயிற்று என்று வந்துவிடாதீர்கள். சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளை எடுத்துப் படிக்க ஆய்வாளர்களுக்குத்தான் வசதி, ஆனால் அருகிலேயே சிறிய காட்சியகம் இருக்கிறது. அந்த நூலகத்தை வளர்த்த மராட்டியரான இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை ஆண்டவர். கண் நோயாளிகளுக்குச் செய்த மருத்துவத்தைப் படம் வரைந்து பதிவுசெய்து வைத்த மன்னர். அவருக்கு ஆசானாக இருந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் பெயரால் வழங்கும் தேவாலயம் (1779) சிவகங்கைப் பூங்காவை ஒட்டி நிற்கிறது. பாதிரியாரின் மரணப் படுக்கை அருகே சரபோஜி நிற்கும் பளிங்குச் சிற்பம் உள்ளே உண்டு. இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது. பெரிய கோயிலிலிருந்து நடக்கும் தூரம்தான், ஆனாலும் வருகிறவர் மிகக் குறைவு. மேல வீதியில் பங்காரு காமாட்சி கோயிலும் இருக்கிறது. கர்நாடக இசை மேதை சியாமா சாஸ்திரி பூசை செய்த சன்னதி அது. பரதநாட்டிய அரங்க முறையை வகுத்த தஞ்சை நால்வர் வாழ்ந்ததும் அந்த வீதிதான்.

வாங்கும்போது

தஞ்சாவூர் ஓவியம் என்று சொல்லித் தங்க நிறக் காகிதம் ஒட்டிய படங்களும் விற்பனையாகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் நான் வாங்கிய கிருஷ்ணர் படத்தில் சில ஆண்டுகளிலேயே கிரீடம் கறுத்துவிட்டது. உண்மையான வேலையில் சுண்ணப் பொடியையும் பசையையும் குழைத்து மேடு கட்டி, அதன் மேல் தங்கத் தாளை ஒட்டுவார்கள். எந்தத் தாள் என்று கேளுங்கள், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். முடிந்தால் வரைகிறவர் வீட்டிலேயே வாங்குங்கள். அரசின் பூம்புகார் விற்பனை நிலையமும் இருக்கிறது. வெளிநாட்டுக்குச் செப்புத் திருமேனி கொண்டுபோகிறவர்கள், அது தொன்மைப் பொருள் அல்ல என்ற தொல்லியல் துறைச் சான்றிதழை முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும். விமான நிலையத்தில் நின்று தவித்துப் பயனில்லை.

ஒரே நாளில் தஞ்சாவூரோடு தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் சேர்த்து முடிப்பது கடைசித் தவறு. மூன்றும் ஒரே உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பதால் சுற்றுலா வண்டிக்காரர்கள் ஒரே மூச்சில் காட்டிவிடுகிறார்கள். தாராசுரத்தில் நாயன்மார் கதைகள் சாண் உயரச் சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. ஓட்டத்தில் அவை கண்ணிலேயே படாது. இரவு தஞ்சாவூரில் தங்கி, மறுநாள் காலை தாராசுரம் போங்கள். மாலையில் கங்கைகொண்ட சோழபுரம். அங்கே கோயிலோடு நின்றுவிடாமல் மாளிகைமேட்டுக்கும் போய்வாருங்கள். அந்தப் பெரியவர் தஞ்சாவூரில் தேடிய சோழர் அரண்மனையின் செங்கல் அடித்தளம் அங்கே, மழைக்குக் கூரை போட்டுக் காத்த குழிகளுக்குள் கிடக்கிறது.