துக்க வீட்டுக்குப் போகும்போது: மதம் வேறாக இருந்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை மாதிரி ஊரில் ஒரே தெருவில் சி.எஸ்.ஐ. குடும்பம், பக்கத்தில் ஆர்.சி. குடும்பம், எதிரே சைவர்கள், இரண்டு வீடு தள்ளி மேலப்பாளையத்திலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்கள் என்று கலந்து இருப்பது சாதாரணம். யார் வீட்டில் துட்டி, அதாவது சாவு, விழுந்தாலும் தெருவே போய் நிற்கும். போவதில் யாரும் குறை வைப்பதில்லை. போய் உட்கார்ந்து வாயைத் திறக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அவர்கள் சடங்கு நமக்குத் தெரியாதே என்று பலர் தயங்குகிறார்கள். அது பெரிய விஷயமே இல்லை. வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு நிற்கும் பையனிடம் "தம்பி, மாலை போடலாமா, உள்ளே போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டால் சொல்லிவிடுவான். நம்முடைய நம்பிக்கையைக் கொண்டுபோய் அவர்கள் துக்கத்தின் மேல் வைப்பதுதான் உண்மையான தவறு. நல்ல மனதோடு செய்கிறோம் என்பதால் அது நமக்கே தெரிவதில்லை.

ஆறுதல் என்று நினைத்துச் சொல்வது

குழந்தையைப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தாயிடம் "கவலைப்படாதே, உன் வயிற்றிலேயே மறுபடி பிறப்பான்" என்று சொல்லும் பாட்டிகளைப் பார்க்கலாம். பாட்டிக்கு அது மனதார வரும் ஆறுதல். அந்தத் தாய்க்கு மறுபிறவி என்பதே கிடையாது. அவள் நம்புவது மறுமையில் அந்தப் பிள்ளையைக் காண்பதை. நாம் சொன்னது அவள் பிடித்துக்கொண்டிருப்பதைத் தட்டிவிடுகிறது. கிறிஸ்தவ வீட்டில் "எல்லாம் போன ஜென்மத்துக் கணக்கு" என்பதும் இதே ரகம். இந்து வீட்டிலேயேகூட அதைச் சொல்லாமல் இருப்பது நல்லது. கர்மவினை என்பதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் ஒருவேளை தெம்பு கிடைக்கலாம். அடுத்தவர் வந்து சொன்னால் குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. இந்து நண்பரின் அப்பா இறந்த வீட்டில் கண்ணை மூடி சத்தமாக ஜெபம் தொடங்கிவிடுபவர்கள் உண்டு. வீட்டார் மரியாதைக்காகத் தலைகுனிந்து நிற்பார்கள், வேறு என்ன செய்ய முடியும்? "நான் ஒரு ஜெபம் பண்ணட்டுமா?" என்று அனுமதி கேட்பதைச் சிலர் சரியான வழி என்கிறார்கள். எனக்கு அதிலும் முழு சம்மதம் இல்லை. பிணம் கிடக்கும் வீட்டில் யாரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியும்? மனதுக்குள் வேண்டிக்கொண்டால் போதும், யாருக்கும் கேட்காது. மருத்துவமனையில் நினைவில்லாமல் படுத்திருப்பவர் நெற்றியில் விபூதி பூசுவதும், தலையில் எண்ணெய் வைப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

அப்படியானால் என்னதான் பேசுவது? இறந்தவரைப் பற்றிப் பேசலாம். "என் மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது உங்கள் அப்பாதான்" என்பது எந்த மதத்துக்கும் பொருந்தும். வீட்டார் அவர்களே என்ன சொல்கிறார்கள் என்று கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டால், அதையே திருப்பிச் சொல்லலாம். முஸ்லிம்கள் இறப்புச் செய்தி கேட்டதும் "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்பார்கள். இறைவனுக்கே உரியவர்கள் நாம், அவனிடமே திரும்புகிறோம் என்பது பொருள். நாம் அரபியில் முயல வேண்டாம். "அல்லாஹ் கொடுத்தான், எடுத்துக்கொண்டான்" என்று அவர்கள் சொல்லும்போது "ஆமாம்மா" என்று பக்கத்தில் இருந்தாலே நிறைய.

தற்கொலை நடந்த வீட்டில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். "தற்கொலை பண்ணியவருக்கு சர்ச்சில் பூசை வைப்பார்களா?" என்று தாழ்வாரத்தில் நின்று கிசுகிசுப்பது வீட்டாருக்குக் கேட்கும். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு தடை இருந்தது உண்மைதான். 1983இல் வந்த புதிய சட்டத்தில் அது இல்லை. அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றுதான் அவர்களுடைய மறைக்கல்வி நூலும் சொல்கிறது. அரைகுறையாகத் தெரிந்ததை வைத்து ஒரு அம்மாவின் வயிற்றில் நெருப்பை வைக்க வேண்டாம்.

பெயரை வைத்து முடிவு செய்வது

"முஸ்லிம் வீடா? நாற்பதாம் நாள் எப்போது?" இந்தக் கேள்வி சில வீடுகளில் சரி, சில வீடுகளில் சங்கடம். மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள் என்று இறந்தவருக்காக ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓதும் குடும்பங்கள் இருக்கின்றன. குர்ஆனிலும் ஹதீஸிலும் இருப்பதை மட்டுமே ஏற்கும் தவ்ஹீத் வழியில் இருப்பவர்கள் அதை மார்க்கத்தில் இல்லாதது என்று ஒதுக்குகிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஓத வேண்டும் என்பார், தம்பி கூடாது என்பார். நாம் இடையில் புகுந்து தேதி கேட்டால் அந்தச் சண்டையைக் கிளறிவிட்டு வருகிறோம்.

கிறிஸ்தவர்களிலும் அப்படித்தான். கத்தோலிக்கர்கள் இறந்தவருக்காக வேண்டுவார்கள், பூசை ஒப்புக்கொடுப்பார்கள், நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியோடு போவார்கள். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே போன்ற சீர்திருத்த வழி சபைகளில் இறந்தவருக்காக ஜெபிக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. ஜெபம் இருப்பவர்களின் ஆறுதலுக்காக. அதனால் எல்லோருக்கும் "ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. யாரும் இதற்காகச் சண்டைக்கு வரப்போவதில்லை என்பதும் உண்மை. ஆனால் "உங்கள் துக்கத்தில் நாங்களும் இருக்கிறோம்" என்று எழுத அதைவிட அதிக நேரம் ஆகாது, யாரையும் உறுத்தாது.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. வீட்டார் அடித்த போஸ்டரையோ அனுப்பிய செய்தியையோ ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், வஃபாத்தானார், சிவபதம் அடைந்தார், பரமபதித்தார் என்று அவர்களே தங்கள் நம்பிக்கையை அங்கே எழுதியிருப்பார்கள். சடங்கு எதுவும் இல்லை என்று போட்டிருந்தால் அதுவும் ஒரு செய்தி.

பெரியார் வழியில் வந்த குடும்பங்களிலும் கம்யூனிஸ்ட் குடும்பங்களிலும்தான் அதிகமான அத்துமீறல் நடக்கிறது என்று நினைக்கிறேன். அவர்களுக்கு மதம் இல்லை என்பதால் புண்படவும் ஒன்றுமில்லை என்று ஒரு எண்ணம். "ஒரு விளக்காவது ஏத்தி வையுங்கப்பா", "வாய்க்கரிசி கூடப் போடாம அனுப்புறீங்களே" என்று உறவினர் வரிசையாக வருவார்கள். உடல்தானம் என்றால் இன்னும் மோசம்: எரிக்காமல் விட்டால் ஆத்மா அலையும் என்று பிள்ளைகளிடமே சொல்வார்கள். கம்யூனிஸ்ட் தலைவர்களான ஜோதிபாசுவின் உடல் 2010இலும் சீதாராம் யெச்சூரியின் உடல் 2024 செப்டம்பரிலும் மருத்துவக் கல்விக்காகக் கொடுக்கப்பட்டன. இறந்தவர் யோசித்து எழுதிவைத்த முடிவு அது. ஜெபமாலையை மதிக்கிற அதே அளவு இதையும் மதிக்க வேண்டும்.

நேரம், மாலை, முகம்

முஸ்லிம் வீட்டில் காலையில் மௌத்து (இறப்பு) என்றால் அசர் என்னும் பிற்பகல் தொழுகைக்குள் அடக்கம் முடிந்துவிடலாம். "ஆபீஸ் முடிந்து சாயங்காலம் போகலாம்" என்று இருந்தால் மய்யித்தை, அதாவது உடலை, பார்க்க முடியாது. "ஏன் இவ்வளவு அவசரம்? துபாயில் இருந்து பையன் வர வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். தாமதிக்காமல் அடக்குவதுதான் அவர்கள் இறந்தவருக்குச் செய்யும் மரியாதை. கிறிஸ்தவ வீட்டில் வெளிநாட்டுப் பிள்ளைக்காகக் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்திருப்பதையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

விபத்தில் இறந்து உடல் பிணவறையில் இருந்தால், இந்த அவசரம் வீட்டாரைப் பிடுங்கித் தின்னும். அப்போது ஆறுதலைவிட அலைச்சலுக்குத்தான் ஆள் வேண்டும். காவல் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடையாய் நடக்க ஒருவர் போதும். வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதித்தது. கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேக மரணம் போன்றவற்றுக்குப் பொதுவாக இது பொருந்தாது. அந்த வீட்டுப் பெரியவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. போய்க் கேட்டுப் பார்க்க வேண்டியது நம் வேலை.

மாலை விஷயத்தில் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். பெரும்பாலான முஸ்லிம் வீடுகளிலும் பல பெந்தெகொஸ்தே வீடுகளிலும் மாலை போடுவதில்லை. இறந்தவர் முஸ்லிம் பெண் என்றால் வெளி ஆண்கள் முகம் பார்க்கப் போகாமல் வெளியே நிற்பதே முறை. செல்போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

சாப்பாடு கொடுத்தனுப்புவது எல்லா மதத்திலும் வரவேற்கப்படும் உதவி. நபிகளே, தம் உறவினர் ஜஃபர் இறந்தபோது அவர் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்று சொன்னதாக ஹதீஸ் உண்டு. சைவமாகச் சமைத்தால் ஹலால் கேள்வியே எழாது. ஜைன வீடு என்றால் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல் பொழுது சாய்வதற்கு முன்னால் கொண்டுபோங்கள். இந்துக்களில் பலர் துட்டி வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அதே பழக்கத்தில் முஸ்லிம் வீட்டிலோ கிறிஸ்தவ வீட்டிலோ நீட்டிய டீயைப் பதறித் தள்ளினால் அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு வரலாம், அல்லது "இப்பதான் குடிச்சேன்" என்று ஒரு பொய் சொல்லலாம். இந்தப் பொய்யில் பாவம் இல்லை.

விதவையிடம்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்பிக்கையை மதிப்பது என்றால் யாருடைய நம்பிக்கையை என்ற கேள்வி இங்கேதான் வருகிறது.

கணவரை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா எனப்படும் காத்திருப்புக் காலம் 4 மாதம் 10 நாள். கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை. அந்த நாட்களில் அலங்காரம் இல்லை, தேவையில்லாமல் வெளியே போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் "ஏம்மா இப்படி அடைச்சு வெச்சிருக்காங்க?" என்று பரிதாபப்படுவார்கள். பல பெண்கள் அதை அடைப்பாக நினைப்பதில்லை. யாரையும் பார்க்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்ற ஒதுக்கம் அவர்களுக்குத் தேவையாகவும் இருக்கிறது. பெண்கள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம். பாங்க் வேலை, வாரிசுச் சான்றிதழ் வேலை இருந்தால் நாம் ஓடலாம்.

இந்து வீடுகளில் பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ பூவையும் பொட்டையும் எடுப்பது, வளையலை உடைப்பது என்று வரும்போது நிலைமை வேறு. பல குடும்பங்கள் இதையெல்லாம் விட்டுவிட்டன. விடாத வீடுகளில் அந்தப் பெண்ணை யாரும் கேட்பதில்லை. "எங்கள் வழக்கம்" என்று பேசுவது மூத்த நாத்தனாராக இருக்கும். நம்பிக்கையை மதிக்கிறோம் என்று நாமும் வாயை மூடிக்கொண்டால் நாத்தனாரை மதித்தவர்கள் ஆவோம், அவ்வளவுதான். முதல் நாளே தனியாக "உனக்கு என்னக்கா தோணுது?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அவள் பக்கம் நில்லுங்கள். எடுத்துவிடுகிறேன் என்று அவளே சொன்னால் அங்கே புரட்சிப் பிரசங்கம் வேண்டாம்.

அரசாங்கமே செய்த தவறு

இலங்கையில் 2020இல் கொரோனாவில் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டுமே பாதுகாப்பானவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. இஸ்லாத்தில் உடலை எரிப்பது தடுக்கப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டன, அவற்றில் பிறந்து 20 நாளான ஒரு குழந்தையும் உண்டு. அதன் பிறகு கொழும்பு பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள்; உடலைச் சுற்றிப் புதைக்கும் கஃபன் துணிக்கு அடையாளமாக. 2021 பிப்ரவரி கடைசியில்தான் புதைக்க அனுமதி வந்தது. அதற்கும் குடும்பத்தார் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி வரை உடலைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது.

இதன் சிறிய வடிவம் நம் அடுக்ககங்களில் நடக்கிறது. உடலை உள்ளே கொண்டுவரக் கூடாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது, கீழே பந்தல் போடக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டு வைத்திருக்கிறார்கள். மய்யித்தைக் குளிப்பாட்ட மறைவான இடம் வேண்டும். இந்து வீட்டில் உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வரவும், கிறிஸ்தவ வீட்டில் ஜெபக் கூட்டத்துக்கும் இடம் வேண்டும். கார் நிறுத்தும் இடத்தில் பாதியை ஒரு நாளைக்கு விட்டுக்கொடுத்தால் எல்லாம் நடந்துவிடும். யாராவது சாவதற்கு முன்னாலேயே இதைப் பேசி முடித்துவைப்பது நல்லது. செத்த அன்றைக்குப் பேசினால் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நாள் கணக்கை நாம் வைப்பது

முஸ்லிம்களுக்குப் பொதுவான துக்கம் 3 நாள், மனைவிக்கு மட்டும்தான் இத்தா. அதனால் அப்பா இறந்த ஐந்தாம் நாள் உடன் வேலை செய்பவர் ஆபீஸுக்கு வந்தால் "அதுக்குள்ள வந்துட்டாரே" என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். இந்து நண்பர் ஒரு வருஷம் பொங்கல், தீபாவளி வேண்டாம் என்று இருந்தால் "அதெல்லாம் பழைய காலம், வாங்க" என்று இழுக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து வீடு என்றால் 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்குவரை பிள்ளைக்கு வேலை இருக்கும். கத்தோலிக்க நண்பர் ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் பூசைக்காக அரை நாள் விடுப்புக் கேட்பார். எல்லோருக்கும் ஒரே மாதிரி இத்தனை நாள் என்று விடுப்பு கொடுக்கும் அலுவலகங்கள், அதைத் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ள அனுமதித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மேலாளராக இருப்பவர்கள் இதற்கு மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. "உங்கள் வீட்டில் எந்தெந்த நாள் முக்கியம்?" என்று கேட்டுக் காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டால் சரி.