ஔவைக்கு நரைமுடி எதற்கு? சங்கப் பெண்களை மேடையேற்றும்போது நேரும் தவறுகள்

'ஔவை' நாடகம் என்றதும் ஒப்பனைக்காரர் முதலில் எடுத்துவைப்பது வெள்ளை விக்கும் ஊன்றுகோலும்தான். 1953இல் வந்த ஜெமினி படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஏற்ற கோலம் அப்படி மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்குலாப் எழுதி அ. மங்கை நெறியாள்கை செய்த 'ஔவை' அந்தக் கோலத்தைத்தான் முதலில் கழற்றியது. ஊர் ஊராக அலையும் பாணர் மரபில் வந்த இளம்பெண் அதில் மேடைக்கு வந்தாள். அந்த வழியில் நாடகம் போட நினைப்பவர்கள்கூட ஆத்திசூடியையும் சுட்ட பழத்தையும் உள்ளே நுழைத்துவிடுகிறார்கள். ஆத்திசூடி ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர். சங்க ஔவையின் பெயரில் நிற்பவை 59 பாட்டு, அதில் 33 புறநானூற்றில். நாடகத்துக்கு அது போதும். 59ஐயும் திணிக்கவும் வேண்டாம். நான்கைந்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சூழல் கட்டினால் ஒன்றரை மணி நேரம் தாங்கும்.

வயதுக்குச் சான்று புறம் 89இல் இருக்கிறது. பகை வேந்தன் அவளை 'மடவரல், உண்கண், வாள்நுதல் விறலி' என்று கூப்பிடுகிறான். மை தீட்டிய கண், ஒளிவிடும் நெற்றி. நரைமுடிக்காரியை யாரும் இப்படி விளிக்க மாட்டார்கள்.

கோலை எடுத்துவிட்டால் கையில் என்ன கொடுப்பது? புறம் 206 சொல்கிறது: 'காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை.' இங்கே கலப்பை என்பது ஏர் இல்லை. கலங்களை, அதாவது இசைக்கருவிகளை, போட்டு வைக்கும் பை. இதைக் கவனிக்காமல் ஔவையின் தோளில் ஏரைச் சுமத்திவிடும் ஆபத்து உண்டு. வேண்டியது தோளில் சுமக்க ஒரு காவுத்தடி, ஒரு முழவு (பறை வகை), ஒரு பை. பையின் வாயை இழுத்துக் கட்டுவதே அந்த வரிக்கான செயல். சொல்லிக்கொண்டே கட்ட வேண்டும், சொல்லி முடித்துவிட்டு அல்ல.

அதே பாட்டில் இன்னொரு சறுக்கல், 'வாயிலோயே! வாயிலோயே!' என்று சபையைப் பார்த்து முழங்குவது. பாட்டு வாயில் காவலனிடம் பேசுகிறது. குத்துவது, பரிசில் தரத் தாமதித்து உள்ளே இருக்கும் அவளுடைய புரவலன் அதியமானை. ஆகவே காவலன் மேடையில் நிற்கட்டும், ஒரு வார்த்தையும் பேசாமல். நடிகை அவன் முகத்தைப் பார்க்கட்டும். குரல் மட்டும் அவனைத் தாண்டி உள்ளே போகட்டும். 13 அடிதான், நிதானமாகச் சொன்னாலும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' என்ற கடைசி அடியில் குரலை உயர்த்தினால் கெஞ்சல் மாதிரி ஆகிவிடும். அதை நடந்துகொண்டே, முதுகைக் காட்டியபடி சொல்லிப் பாருங்கள்.

புறம் 95இல் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் அதியமானின் தூதாக நின்று, இவை மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன என்கிறாள். அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. நடிகை முதல் சொல்லிலேயே இளித்துக்காட்டினால் எல்லாம் போச்சு. 'இவ்வே' என்ற பகுதி உண்மையான பாராட்டாகவே ஒலிக்க வேண்டும். 'அவ்வே' வரும்போது சபைக்கே புரியும். கண் சிமிட்டல் நாடகத்துக்கு உதவாது, தூதுக்கும் உதவாது.

புறம் 235ஐக் குடிப்பாட்டு ஆக்கிவிடுகிறார்கள், அல்லது பள்ளி மேடை என்று கள்ளையே வெட்டிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். அது அதியமான் இறந்தபின் பாடிய கையறுநிலை, அதாவது இரங்கற்பாட்டு. 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' என்பதில் வரும் அந்த 'மன்னே', போய்விட்டதே என்கிற இழப்பு. வரிக்கு வரி திரும்பி வருகிறது. ஒவ்வொரு மன்னேவுக்கும் பறையைத் தட்டாதீர்கள், வெறும் மௌனம் விடுங்கள். நரந்தம் என்ற நறுமணப் பொருள் மணக்கும் கையால் புலால் நாறும் தன் தலையை அவன் தடவியதையும் அங்கே நினைக்கிறாள். அந்த இடத்தைக் காதல் காட்சியாக மாற்றும் ஆசை பலருக்கு வரும். பாட்டு அதைச் சொல்லவில்லை. பெண்ணும் ஆணும் மேடையில் நட்பாக இருக்கவே விடமாட்டோமா?

'மணிமேகலை' காப்பியத்தை மேடையேற்றும்போது சிக்கல் வேறு. மணிமேகலை, காயசண்டிகை என்ற பெண்ணின் வடிவெடுக்கும்போது காயசண்டிகையாக நடித்தவரையே அனுப்பினால் பார்ப்பவருக்குக் குழம்பும். பின்னால் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், மணிமேகலையை விரும்பித் தொடரும் இளவரசன் உதயகுமாரனை வெட்டுவது ஏன் என்றே தெரியாது. மணிமேகலையாக வருபவரே சபை பார்க்க ஒரு மேலாடையை மாற்றிக்கொள்ளட்டும். தன் மனைவிதான் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று காஞ்சனன் ஏமாறுகிறான், நாம் ஏமாறவில்லை. அந்தக் காட்சியின் பதற்றம் அங்கேதான். சோறு குறையாத பாத்திரமான அமுதசுரபிக்கு விளக்குவித்தை வேண்டாம், சாதாரண மண் கலயம் போதும்.

கடைசியாக இசை. புறம் 89க்குத் திரும்புவோம். பொதுவிடத்தில் தொங்கும் தண்ணுமை என்ற பறையின் கண்ணில் (தோல்முகத்தில்) காற்று மோதி எழும் ஒலியைக் கேட்டதும் 'அது போர்' என்று எழுபவன் எங்கள் தலைவன் என்கிறாள். வாத்தியக்காரர்கள் உடனே போர்ப்பறை அடித்துவிடுவார்கள். தோலை உள்ளங்கையால் உரசச் சொல்லுங்கள், பின்வரிசைக்குக் கேட்டும் கேட்காத அளவுக்கு. இரண்டு மூச்சு இடைவெளி. அதன்பிறகு 'அது போர்'.