நுரையீரல்ல ரத்தம் கட்டினதுக்குப் பிறகும் மூச்சு வாங்குதா? நாங்கள் விடுற பிழைகள்

எங்கட மாமி வெள்ளவத்தையில லிஃப்ட் இல்லாத பழைய ஃபிளாட் ஒண்டில மூண்டாம் மாடியில இருக்கிறா. போன வருஷம் காலில ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய், ஆஸ்பத்திரியில கிடந்து தப்பி வந்தவ. வந்து 5 மாசமாகியும் மார்க்கெட் பேக்கோட ரெண்டாம் மாடித் திருப்பத்தில நிண்டிடுவா, ஒரு கை கம்பியில, கதைக்க ஏலாது, மற்றக் கையால எங்களை மேல போகச் சொல்லிக் காட்டுவா. நாங்கள் என்ன சொன்னனாங்கள்? "வயசு போகுதெல்லோ மாமி, கொஞ்சம் மெலியுங்கோ." இதை நினைச்சா இப்பவும் மனசு கிடந்து அடிக்குது.

கட்டி வந்த எல்லாருக்கும் அது முழுசாக் கரையிறேல்ல. 100 பேரில 2, 3 பேருக்கு அது தழும்பு மாதிரி இறுகி ரத்தக்குழாய்ச் சுவரோட ஒட்டிக்கொள்ளும், பாதை ஒடுங்கும், நுரையீரலுக்க பிரஷர் ஏறும், அதுக்கு எதிராத் தள்ளித் தள்ளியே இதயத்தின்ர வலப்பக்கம் களைச்சுப் போகும். இந்த வருத்தத்துக்கு சீடெஃப் (CTEPH) எண்டு பேர். அதால ரத்தம் மெல்லிசாக்கிற குளிசையை ஒழுங்கா 3 மாசம் போட்டும் படி ஏற மூச்சு வாங்குது, கால் வீங்குது, தலை சுத்துது எண்டா முட்டு வருத்தம் எண்டு பம்பை வாங்கி இழுக்காமல் டொக்டரிட்ட நேராக் கேளுங்கோ, "பழைய கட்டி இன்னும் இருக்குமோ" எண்டு. முந்திக் கட்டி வந்ததே தெரியாமல் இந்த வருத்தத்தோட வாறவையும் இருக்கினம், ஏறக்குறைய 4 பேரில ஒருத்தர்.

கையில பட்டி கட்டிப் பாத்து "பிரஷர் நோர்மல்" எண்டு ஆறுதல்படுறதும் பிழைதான். அது உடம்பின்ர பிரஷர், நுரையீரல்ல இருக்கிறது வேற. அங்க சராசரி 14 mmHg அளவிலதான் இருக்கவேணும், 20ஐத் தாண்டினாலே அது கூடின பிரஷர். முதல்ல எக்கோ எண்ட இதய ஸ்கான் எடுத்துப் பாப்பினம், ஆனா சரியான கணக்கு இதயத்துக்க குழாய் விட்டு அளந்தாத்தான் தெரியும். சீடி ஸ்கானில ஒண்டுமில்லை எண்டு வந்தாலும் முடிஞ்சுது எண்டு நினைக்காதேங்கோ, பழைய கட்டி அதில தப்பலாம், அதைப் பிடிக்க, நுரையீரலுக்க காத்தும் ரத்தமும் எங்க போகுது எண்டு காட்டுற வீகியூ (V/Q) ஸ்கான்தான் நல்லது.

எனக்கு ஆகப் பயமான பிழை, சுகம் எண்டவுடன ரத்தம் மெல்லிசாக்கிற குளிசையை நிப்பாட்டுறது. இந்த வருத்தம் எண்டு உறுதியானா அது வாழ்நாள் முழுக்கப் போடுற குளிசை. அந்தக் குளிசை வோர்ஃபரின் எண்டா, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு காட்டுற ஐஎன்ஆர் (INR) டெஸ்ட் பாக்கிற நாளை விடக்கூடாது, பொதுவா 2க்கும் 3க்கும் இடையில வைச்சிருப்பினம். கீரையை அடியோட விடத்தேவையில்லை, ஆனா ஒரு கிழமை வல்லாரை, முருங்கையிலை எண்டு அள்ளிச் சாப்பிட்டுட்டு அடுத்த கிழமை தொடாமல் விட்டா அளவு தாறுமாறாகும். முழங்கால் நோவுக்கு பாமசியில டைக்ளோபினாக் கேட்டு வாங்கிப் போடாதேங்கோ, உள்ளுக்க ரத்தம் கசியும். கஷாயம், மூலிகைக் குளிசை எண்டாலும் முதல்ல டொக்டரைக் கேட்டுட்டுத்தான். பிள்ளை பெற யோசிக்கிற தங்கச்சிமார் கர்ப்பமாக முதலே டொக்டரோட கதைச்சுப் போடுங்கோ, இந்த வருத்தத்தோட கர்ப்பம் உயிருக்கே ஆபத்து, வோர்ஃபரின் பிள்ளையையும் தாக்கும்.

இன்னொண்டு, "இதுக்கு வைத்தியமில்லை" எண்டு கையை விரிக்கிறது. நுரையீரல்ல பிரஷர் ஏறுற வருத்தங்களுக்க ஒப்பரேஷனால சுகமாக்கக்கூடிய ஒண்டு இது. உடம்பை 20 பாகை அளவுக்குக் குளிராக்கி, ஒவ்வொருமுறையும் 20 நிமிஷம்வரை ரத்த ஓட்டத்தையே நிப்பாட்டி, ஒட்டின கட்டியை உள்சுவரோட உரிச்சு எடுப்பினம், வெளியில வாறது கொப்பும் கிளையுமாக் குட்டி மரம் மாதிரி இருக்கும். எல்லாருக்கும் அது சரிவராது, அப்பிடியானவைக்கு பலூனால குழாயை விரிக்கிறது இருக்கு, ரியோசிகுவாட் எண்ட குளிசையும் இருக்கு. எது பொருந்தும் எண்டு இதில பழகின டொக்டர்மார்தான் சொல்லவேணும், வேற நாட்டு ஆஸ்பத்திரியிட்ட கேக்கிறதெண்டாலும் ரிப்போர்ட், ஸ்கான் படம் எல்லாத்தையும் ஒரு ஃபைலில போட்டு வைச்சிருங்கோ.

திடீரெண்டு நெஞ்சு நோவு, மயக்கம், இருமேக்க ரத்தம் எண்டா காலி வீதி ட்ராஃபிக்கில த்ரீவீல் தேடி நிக்காமல் உடன இலங்கையின்ர 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ, அதுக்குக் காசில்லை.