பழைய ஃபோர்ட்ரான் நிரலைப் பல கோர்களில் ஓட்டும் முன்

வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை ஃபோர்ட்ரான் (அறிவியல் கணக்குகளுக்கான பழைய நிரல் மொழி) நிரலால் கணினியில் ஓட்டிப் பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. நிரலில் கை வைக்கும் முன் ஜிபிராஃப் என்ற நேரம் அளக்கும் கருவியைப் போட்டு நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். 10 சதவீத நேரம் வரிசையாகவே ஓட வேண்டிய பகுதி என்றால், ஆயிரம் கோர் (செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் அலகு) கொடுத்தாலும் 10 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொன்ன கணக்கு.

அப்புறம் காமன் பிளாக் (பல துணைநிரல்கள் பகிரும் மாறித் தொகுப்பு), சேவ் மாறிகள் (அழைப்பு முடிந்தும் மதிப்பை வைத்திருப்பவை). ஃபோர்ட்ரான் 77 நிரல்களில் தொல்லை பெரும்பாலும் இங்கேதான். ஒரே கணினியின் கோர்களுக்கு வேலையைப் பங்கிடும் ஓப்பன்எம்பியில் லூப்பைப் பிரித்ததும் எல்லா த்ரெடும் (இணையாக ஓடும் வேலை இழை) ஒரே மாறியில் எழுதும். ஓட்டத்துக்கு ஓட்டம் விடை மாறும், பிழைச் செய்தி மட்டும் வராது. தற்காலிக மாறிகளை பிரைவேட் (த்ரெடுக்கு ஒரு தனி நகல்) ஆக்குங்கள், அவை காமனில் கிடந்தால் த்ரெட்பிரைவேட். கூட்டுத்தொகைக்கு, த்ரெடுகளின் பகுதித் தொகைகளைக் கடைசியில் சேர்க்கும் ரிடக்‌ஷன். கூட்டும் வரிசை மாறுவதால் கடைசி இலக்கங்கள் கொஞ்சம் வேறுபடும், பயப்பட வேண்டாம். பழைய விடையோடு எத்தனை இலக்கம் ஒத்தால் போதும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பல கணினிகளுக்குப் பரப்ப, அவற்றுக்கிடையே தரவு அனுப்பும் எம்பிஐ வேண்டும். கணக்கிடும் பரப்பைத் துண்டுகளாக்கிப் பங்கிட வேண்டும். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின் ஓர வரிசையை நகலாக வைத்துப் படிக்குப் படி புதுப்பிக்கும். துண்டு ரொம்பச் சிறிதானால் கணக்கைவிட இந்தப் பரிமாற்றத்துக்கே நேரம் போய்விடும்.